பனிமலையில் ஓர் இருட்டுக் கூடாரம்

மலைக்குப் போய்விட்டு வந்தவர்கள் வீட்டுக்குக் காப்பி சாப்பிடப் போகக் கூடாது என்பது என் கட்சி. போனால் காப்பி ஆறிவிடும். "இதைப் பாருங்கள், தூண் பாறை! இதுவும் தூண் பாறைதான், கொஞ்சம் மூடுபனியோடு! இதிலே மூடுபனி மட்டும் தெரிகிறது, பாறை பின்னால் இருக்கிறது!" என்று வீட்டு அம்மாள் கைப்பேசியைத் தள்ளித் தள்ளிக் காட்டிக்கொண்டே போவாள். மூன்று நாள் கொடைக்கானலில் நானூறு படம்! எடுப்பதற்கு ஒரு விரல் போதும். பார்ப்பதற்குத்தான் பொறுமை வேண்டியிருக்கிறது.

போன மாதம் அப்படி ஒரு வீட்டில் அகப்பட்டுக்கொண்டு விழித்தபோதுதான் சாமுவேல் போர்ன் என்ற மனிதர் எனக்கு ஞாபகம் வந்தார். ஒரே ஒரு மலைப் படத்துக்காக அந்த மனிதர் பட்ட பாட்டையும், அவர் பிறரைப் படுத்திய பாட்டையும் நினைத்துக்கொண்டேன். அந்த அம்மாளின் நானூறு படத்தையும் பொறுமையாகப் பார்த்து முடித்தேன் என்றால் நம்புவீர்களா?

போர்ன் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரத்தில் ஒரு பாங்கிக் குமாஸ்தா. 1834-இல் பிறந்தவர. பகலெல்லாம் பேரேடு, ஓய்வு கிடைத்தால் காமிராவைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை, குன்று என்று அலைவது. 1862-இல் லண்டனில் நடந்த சர்வதேசப் பொருட்காட்சியில் அவருடைய படங்களை வைத்தார்கள். அப்புறம் பேரேட்டில் மனம் எப்படி ஒட்டும்? உத்தியோகத்தை உதறிவிட்டுக் கப்பலேறினார். 1863-ஆம் ஆண்டு ஆரம்பத்தில் கல்கத்தாவில் வந்து இறங்கினார். நம் ஊரில் பாங்கி வேலையை விட்டுவிட்டுப் படம் பிடிக்கப் போகிறேன் என்கிற பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்? போர்னுக்குக் கிடைத்தது. 1867-இல் ஊருக்குத் திரும்பிப் போய் மேரி டாலி என்ற பெண்ணை மணந்துகொண்டார். ஆனால் நான் சொல்லப்போகிற கதையெல்லாம் கல்யாணத்துக்கு முந்தியவை. பிந்தியிருந்தால் அந்த அம்மாள் விட்டிருப்பாளா என்பது சந்தேகம்.

கல்கத்தாவிலிருந்து சிம்லாவுக்குப் போய், அங்கே ஹோவர்டு என்ற புகைப்படக்காரரோடு கூட்டுச் சேர்ந்தார். பிற்பாடு ஷெப்பர்டு என்பவரும் சேர்ந்தார். இந்தக் கூட்டுதான் பின்னாளில் 'போர்ன் அண்டு ஷெப்பர்டு' என்று பெயர் பெற்றது.

1863 ஜூலை 29. சிம்லாவிலிருந்து ஓர் ஊர்வலம் புறப்படுகிறது. முன்னால் போர்ன் துரை. பின்னால் சுமார் முப்பது சுமைதூக்கிகள். அந்தச் சுமையில் என்ன இருந்தது தெரியுமா? இரண்டு பெரிய காமிராக்கள். சிறிதும் பெரிதுமாக 600-க்கும் மேற்பட்ட கண்ணாடித் தகடுகள். பெரியவை 12 அங்குலத்துக்கு 10 அங்குலம். பத்தடி உயரமுள்ள இருட்டுக் கூடாரம் ஒன்று. புட்டி புட்டியாக ரசாயனங்கள், தட்டுகள், முக்காலிகள். இவை போகப் படுக்கை, சமையல் சாமான், துரைக்கு வேண்டிய சாப்பாட்டுப் பெட்டிகள். கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் ஏற்றிப் போகிற வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வண்டியில் பாதி கண்ணாடி, மீதி பாதி திராவகம். வண்டியும் கிடையாது, எல்லாம் மனுஷர் முதுகில்.

எதற்கு இத்தனை கண்ணாடி என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் பிலிம் என்பதே இல்லை. 1851-இல் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த ஈரக் கண்ணாடி முறைதான் எல்லோரும் கையாண்டது. அதைச் சற்று விவரமாகவே சொல்கிறேன். சமையலறை அனுபவம் உள்ளவர்களுக்கு எளிதில் புரியும்.

பஞ்சைத் திராவகத்தில் பக்குவப்படுத்தி, அதை ஈதரிலும் சாராயத்திலும் கரைத்தால் தேன் போல ஒரு திரவம் கிடைக்கும். அதற்குக் கொலோடியன் என்று பெயர். வேண்டிய உப்புக்களை அதில் சேர்த்து, துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கும் கண்ணாடியின் நடுவில் கொஞ்சம் ஊற்ற வேண்டும். ஆப்பச் சட்டியில் மாவை ஊற்றிச் சட்டியைச் சாய்த்துச் சுழற்றுகிறோமே, அதே கை வாகுதான். நாலு மூலைக்கும் சமமாக ஓட வேண்டும். ஓரிடத்தில் தடித்தாலும் போயிற்று. ஆப்பம் கோணலாய் வந்தால் குழந்தைக்குக் கொடுத்துவிடலாம். இதை யாருக்குக் கொடுப்பது?

அது பாதி உலரும் சமயம் இருட்டுக் கூடாரத்துக்குள் நுழைந்து, வெள்ளி நைட்ரேட் கரைசலில் சில நிமிஷம் அமிழ்த்த வேண்டும். இப்போதுதான் கண்ணாடிக்கு 'கண்' வருகிறது. வெளிச்சம் படாமல் எடுத்து, மூடிய சட்டத்தில் வைத்து, ஓடிப் போய்க் காமிராவில் செருகி, லென்ஸ் மூடியைத் திறந்து எண்ண வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று... வெயிலில் சில வினாடி. மரநிழலும் பள்ளத்தாக்கும் என்றால் நிமிஷக் கணக்கு. அதற்குள் காற்றடித்துக் கிளை ஆடினால் மரம் மேகமாகிவிடும். பிறகு மீண்டும் கூடாரத்துக்குள் ஓட்டம். கண்ணாடி ஈரமாக இருக்கும்போதே இரும்பு உப்புக் கரைசலை ஊற்றிப் படத்தை எழுப்பிவிட வேண்டும். உலர்ந்தால் எல்லாம் வீண். ஊற்றியது முதல் எழுப்புவது வரை பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துக்குமேல் தாங்காது. அப்புறம் தண்ணீரில் அலசி, மற்றொரு ரசாயனத்தில் நிலைநிறுத்தி, மறுபடியும் அலசி, உலர்த்தி, வார்னிஷ் பூசி, பெட்டியில் வைத்து, ஒரு மனிதர் முதுகில் ஏற்றிவிட்டால் ஒரு படம் முடிந்தது. அந்த மனிதர் வழியில் கால் இடறாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கூடாரத்துக்குள் ஈதர் வாசனை தலையைச் சுற்றும். பக்கத்தில் நெருப்பு ஆகாது, 'குப்'பென்று பற்றிக்கொள்ளும். கைவிரல்களோ எப்போதும் கறுப்பு. வோட்டுப் போட்டுவிட்டு வரும்போது நம் விரலில் வைக்கிறார்களே மை, அதிலே இருப்பதும் இந்த வெள்ளி நைட்ரேட்தான். நமக்கு ஒரு கோடு. அந்தக் காலத்துப் புகைப்படக்காரருக்குப் பத்து விரலிலும் வருஷம் முழுவதும் தேர்தல்!

கண்ணாடியிலிருந்து காகிதத்துக்குப் படத்தை மாற்றுவதில் இன்னொரு வேடிக்கை உண்டு. அந்தக் காகிதத்துக்கு மினுமினுப்புக் கொடுத்தது முட்டை வெள்ளைக் கரு. வெள்ளைக் கருவை உப்புச் சேர்த்து நுரைக்க அடித்து, அடங்கவிட்டு, அதன்மேல் காகிதத்தை மிதக்கவிட்டு எடுப்பார்கள். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து ஆலையில் 1880-களில் நாளொன்றுக்கு 60,000 முட்டை வரை உடைத்தார்களாம். வெள்ளையையும் மஞ்சளையும் பிரித்துக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். கணக்குப் பார்த்தால் உலகத்து மலைகளும் கோயில்களும் ராஜாக்களும் அந்தப் பெண்களின் கை வழியாகத்தான் ஆல்பங்களுக்குள் போயிருக்கிறார்கள்.

முதல் பயணம் பத்து வாரம். சட்லெஜ் நதியை ஒட்டி, சீனி என்ற ஊரைத் தாண்டி, (இன்று அதற்குக் கல்பா என்று பெயர், கின்னோர் ஜில்லாவில் இருக்கிறது), 15,000 அடிக்கும் உயர்ந்த கணவாய் வரைக்கும் போனார். அக்டோபர் 12-இல் சிம்லா திரும்பியபோது பெட்டியில் 147 கண்ணாடிகள் உருப்படியாக இருந்தன. மறு வருஷம் மார்ச்சில் கிளம்பிக் காங்ரா, சம்பா வழியாகக் காஷ்மீர். அது ஒன்பது மாதம். ஸ்ரீநகரில் இரு பக்கமும் பாப்லர் மரங்கள் நெடிதுயர்ந்து நிற்க, நடுவே சாலை புள்ளியாய் மறையும் ஒரு படம் எடுத்தார். அது போதும், வேறு படமே வேண்டாம் என்று எனக்குத் தோன்றும். அவர் அப்படி நினைக்கவில்லை. 1866 ஜூலையில் மூன்றாவது முறையாக, ஆறு மாதப் பயணமாகக் கிளம்பினார்.

மூன்று பயணத்தையும் பற்றி லண்டன் புகைப்படப் பத்திரிகை ஒன்றுக்கு நீண்ட கட்டுரைகள் எழுதி அனுப்பினார். சுவையாகவே எழுதியிருக்கிறார். இமயமலை மேல் அவருக்கு ஒரு குறைகூட இருந்தது, கேளுங்கள்! ஏரி இல்லை, அழகான சிறு பாலம் இல்லை, ஊசிக் கோபுரத்தோடு கிராமக் கோயில் இல்லை, எல்லாம் ஒரேயடியாகப் பிரும்மாண்டமாக இருக்கிறது, ஒரு கண்ணாடிக்குள் அடங்க மாட்டேன் என்கிறது என்று அங்கலாய்த்துக்கொண்டார். விருந்துக்குப் போய் இலை பெரிசாக இருக்கிறதே என்று வருத்தப்பட்டவர் இவர் ஒருவர்தான்.

ஆனால் அந்தக் கட்டுரைகளில் சிரிக்க முடியாத சங்கதியும் இருக்கிறது.

சுமை தூக்கியவர்கள் யார்? வழியிலுள்ள கிராமத்து விவசாயிகள். நம் பக்கத்தில் 'வெட்டி' என்று ஒன்று இருந்ததே, அதை அங்கே 'பேகார்' என்பார்கள். துரை வருகிறார் என்று தாக்கீது வந்தால், கிராமத் தலைவன் இத்தனை ஆள் அனுப்ப வேண்டும். வயலில் பயிர் நிற்கிறதா, வீட்டில் பிள்ளை பெற்றவள் படுத்திருக்கிறாளா என்று கேட்பார் கிடையாது. கூலி கொடுத்தால் சில அணா; கொடுக்காவிட்டால் அதுவும் இல்லை. அடுத்த கிராம எல்லை வரை சுமந்துவிட்டு வீடு திரும்பலாம், அங்கே வேறு ஆள் கிடைத்தால். 'கூலி' என்ற சொல்லே நம் தமிழிலிருந்துதான் இங்கிலீஷுக்குப் போயிற்று என்று சொல்வதுண்டு. கூலி இல்லாதவனுக்கும் அவர்கள் அதே பெயரை வைத்தார்கள்.

இப்படிப் பிடித்து வந்த ஆட்கள் சமயம் கிடைத்தால் ஓடாமல் என்ன செய்வார்கள்? ஓடினார்கள். முதல் பயணத்தில் ஒரு நாள், மூட்டைகளைப் பாதையிலேயே வைத்துவிட்டுச் சிலர் மறைந்துபோனார்கள். போர்ன் ஒரு தடியை எடுத்துக்கொண்டு கிராமத்துக்குப் போய், ஒளிந்திருந்தவர்களைத் தேடிப் பிடித்து அடித்து இழுத்து வந்தார். இதை நான் இட்டுக்கட்டவில்லை. அவரே கூச்சமில்லாமல், ஏதோ வீரச்செயல் போல எழுதியிருக்கிறார். விடியற்காலைப் பனிச்சிகரத்தின் அழகைப் பற்றி உருகி உருகி எழுதிய அதே பேனாதான்! அழகை அத்தனை நுட்பமாகப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்குப் பக்கத்தில் நிற்கிற மனிதனின் வீங்கிய கால் எப்படித் தெரியாமல் போயிற்று? எனக்கு இன்னும் விளங்கவில்லை. அந்தக் காலத்து வழக்கம் அது என்பார்கள். ஓடிப்போனவர்களும் அந்தக் காலத்தவர்கள்தாமே! அவர்களுக்கு அது தவறு என்று தெரிந்திருந்ததே!

மூன்றாம் பயணத்துக்கு வருவோம். டாக்டர் பிளேஃபேர் என்ற நண்பர் துணை வந்தார். சுமைதூக்கிகள் முன்னைவிட அதிகம். குலு, லாஹௌல், ஸ்பிதி என்று மரமே இல்லாத மொட்டை மலைகளுக்குள் போனார்கள். ஸ்பிதிக்கும் கின்னோருக்கும் நடுவே மணிரங் என்று ஒரு கணவாய். போர்ன் கணக்கில் 18,600 அடி. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் பாதிதான். வெறுங்கையோடு பத்து அடி வைத்தாலே நெஞ்சு அடைக்கும். முதுகில் கண்ணாடிப் பெட்டியோடு ஏறியவர்களை நினைத்துப் பாருங்கள்.

அந்த உயரத்தில் ஈரக் கண்ணாடி வேலை சாமானியமானது இல்லை. ஈதர் நினைப்பதற்குள் ஆவியாகிவிடும். ஆப்பம் ஓரத்துக்கு ஓடுமுன்பே நடுவில் காய்ந்துவிடும். குளிரில் ரசாயனங்கள் சோம்பேறியாகிவிடும். அலசத் தண்ணீர் வேண்டும். சுற்றிலும் இருப்பதெல்லாம் பனிக்கட்டி. விரல்களோ விறைத்துக் கிடக்கின்றன. இன்னொரு தொல்லையும் உண்டு. அந்தக் கண்ணாடிக்கு நீல நிறமும் வெள்ளையும் ஒன்றுதான். நீல ஆகாயம் படத்தில் வெள்ளையாக விழும். வெள்ளைச் சிகரம் வெள்ளை ஆகாயத்தின் முன் நின்றால் சிகரம் எங்கே, ஆகாயம் எங்கே? வெயில் பக்கவாட்டில் விழுந்து, பனியின் மடிப்பிலும் வெடிப்பிலும் நிழல் கட்டுகிற சில நிமிஷம் பார்த்துத்தான் மூடியைத் திறக்க வேண்டும். அந்த நிமிஷத்துக்குள் கண்ணாடி தயாராக இருக்க வேண்டும். முன்கூட்டித் தயார் செய்தால் உலர்ந்துவிடும். பிந்தினால் மேகம் மூடிவிடும்.

அந்த நெருக்கடியில் மணிரங் உச்சியில் மூன்று படம் எடுத்தார். மூன்றே மூன்று. அடுத்த இருபது வருஷம் அதைவிட உயரத்தில் யாரும் படமெடுக்கவில்லை என்று புகைப்பட வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். அந்த மூன்று கண்ணாடியும் உடையாமல் கீழே வந்து சேர்ந்தன. பனிச்சரிவில் அவற்றைச் சுமந்து இறங்கியவர் யார் என்று மட்டும் எந்த வரலாற்றிலும் இல்லை.

அங்கிருந்து மலைகளைத் தாண்டிப் பாகீரதிப் பள்ளத்தாக்கில் இறங்கி, கங்கோத்ரிக்கும் அப்பால் கோமுகத்துக்குப் போனார். நம்மில் எத்தனையோ பாட்டிமார்கள் சாவதற்குள் ஒரு முறையாவது கங்கோத்ரியைப் பார்க்க மாட்டோமா என்று ஏங்கியிருக்கிறார்கள். கோயிலிலிருந்து கோமுகம் இன்னும் பத்துப் பதினோரு மைல் நடை. சுமார் 13,000 அடி உயரத்தில், பனியாற்றின் நுனியில், பசுவின் வாய் போன்ற குகையிலிருந்து நதி புறப்படுகிறது. 1866-இல் போர்ன் அந்த இடத்தைப் படம் பிடித்தார். அழுக்கேறிய பனிச்சுவர், அதன் அடியில் இருட்டு வாய், சுற்றிலும் உருண்டு கிடக்கும் பாறைகள். சாமி படத்தில் சிவபெருமான் சடையிலிருந்து இறங்குகிற கங்கையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பார்க்கப் பார்க்க, இத்தனை சேற்றுக்கும் கல்லுக்கும் நடுவிலிருந்தா அந்த நதி வருகிறது என்று உடம்பு சிலிர்க்கும்.

இன்று அந்த இடத்தில் காமிராவை வைத்தால் அந்தப் படம் கிடைக்காது. பனியாறு பின்வாங்கிக்கொண்டே போகிறது. 1935 முதல் முறையாக அளந்து வருகிறார்கள். அந்த வருஷம் இருந்த இடத்திலிருந்து நுனி ஏறக்குறைய ஒரு மைல் உள்ளே போய்விட்டது. பனியாற்றின் முன்னாள் எல்லைகளைப் பற்றிப் பேச வருகிற விஞ்ஞானிகளுக்கு, அழகுக்காக எடுத்த அந்தக் காலத்துப் படங்கள் இப்போது சாட்சியாக உதவுகின்றன.

ஆல்பத்தில் போர்ன் படங்களைப் பார்க்க நேர்ந்தால் ஒன்று கவனியுங்கள். பெரிய பாறை ஓரத்தில், பாலத்து முனையில், எறும்பு போல ஒருவரோ இருவரோ உட்கார்ந்திருப்பார்கள். மலை எத்தனை பெரிது என்று காட்டுவதற்காக அவர் உட்கார வைத்த ஆட்கள் அவர்கள். 'அசையாதே' என்றால் அசையாமல் இருக்க வேண்டும். பல படங்களில் முகம் தெரியாது. அளவுகோலுக்கு முகம் எதற்கு?

ஆனால் அந்த மலைக்காரர்கள் கடைசிவரை அசையாமல் இருந்துவிடவில்லை. குமாவுன் மலைப் பகுதியில் பாகேஸ்வர் என்று ஒரு க்ஷேத்திரம். சரயு நதியும் கோமதி நதியும் கூடுகிற இடம். 1921 ஜனவரியில் உத்தராயணத் திருவிழாவுக்கு, அதாவது நம் பொங்கல் சமயத்தில், ஜனங்கள் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். 'இனிச் சுமக்க மாட்டோம்' என்று சபதம் செய்தார்கள். எந்த வீட்டிலிருந்து எத்தனை ஆள் என்று கணக்கு எழுதியிருந்த பேகார்ப் பதிவேடுகளைக் கிராமத் தலைவர்களே கொண்டுவந்து சரயுவில் வீசினார்கள். பத்ரி தத் பாண்டே முதலான தலைவர்கள் முன்னின்றார்கள். அந்தப் பக்கத்தில் பேகார் அத்தோடு ஒழிந்தது.

அதே காலத்தில் சிம்லா மலைப் பக்கம், கோட்கரில், அமெரிக்காவிலிருந்து வந்து மலைநாட்டுப் பெண்ணை மணந்து அங்கேயே தங்கிவிட்ட சாமுவேல் ஸ்டோக்ஸ் என்பவர் கிராமத்தாரைச் சேர்த்துக்கொண்டு பேகாரை எதிர்த்துப் போராடினார். 1921-இல் சிறைக்கும் போனார். இன்று நாம் வாங்கிச் சாப்பிடுகிற சிம்லா ஆப்பிளை அந்த மண்ணில் பரப்பியவரும் இவரே. போர்ன் ஒரு சாமுவேல், இவர் ஒரு சாமுவேல். இருவரும் ஒரே மலைக்குத்தான் வந்தார்கள்.

போர்ன் நம் பக்கமும் வராமல் இல்லை. 1860-களின் கடைசியில் உதகமண்டலம், திருச்சி, தஞ்சாவூர், மதுரை என்று சுற்றிப் படமெடுத்தார். திருச்சி மலைக்கோட்டையைத் தெப்பக்குளத்துக் கரையிலிருந்து எடுத்தது வெகு நேர்த்தி. பிறகு 1870 வாக்கில் இந்தியாவை விட்டுப் போனவர், நாட்டிங்ஹாமில் மைத்துனரோடு சேர்ந்து பஞ்சு நூல் வியாபாரம் செய்தார். கண்ணாடியையும் திராவகத்தையும் ஓரங்கட்டிவிட்டு, ஓய்வு நேரத்தில் நீர்வண்ணச் சித்திரம் தீட்டிக்கொண்டிருந்தார். 1912-இல் காலமானார்.

அவர் பெயரைத் தாங்கிய கல்கத்தா ஸ்டூடியோ மட்டும் நெடுங்காலம் நடந்தது. 1991 பிப்ரவரியில் அங்கே தீப்பிடித்து, பழைய நெகட்டிவ்கள் ஏராளமாக நாசமாயின. 2016-இல் கடையையே மூடிவிட்டார்கள். மிச்சம் இருப்பவை முட்டை வெள்ளைப் பூச்சுக் காகிதத்தில் அந்தக் காலத்திலேயே அச்சிட்டு விற்ற படங்கள்தாம். டில்லியிலும் லண்டனிலும் ஆவணச் சாலைகளில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பனி வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சள் பூத்திருக்கும். அது காமிராவின் கோளாறு இல்லை. வயதானால் முட்டை வெள்ளைக்கு அந்தக் குணம் உண்டு.